துண்டான விரலை எங்கே வைப்பீர்கள்?

சென்ற மாதம் என் நான்காம் படிவ மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். உயிரியல் பாடத்தில் உயிரணுச் சுவாசம் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. "உங்கள் கண்ணெதிரே ஒருவருடைய விரல் துண்டாகிவிட்டது. கீழே விழுந்த விரலை எடுத்து எங்கே வைப்பீர்கள்?"

பெரும்பாலோர் யோசிக்காமல் பதில் சொன்னார்கள். "ஐஸ்கட்டியில் போட்டு வைப்போம், டீச்சர்." ஒரு மாணவன் மட்டும் பாலில் போடலாம் என்றான். விழுந்த பல்லைப் பாலில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்தது அவனுக்கு நினைவிருந்தது. பல்லுக்கு அது சரிதான், விரலுக்கு அல்ல.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். "என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள், டீச்சர். ஐஸில்தான் வைத்தார்கள்" என்றாள். அவர் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். இடக்கைக் கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. கூட வேலை செய்தவர்கள் திகைத்து நிற்கவில்லை. காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தார்கள். மரத்தூளுக்குள் தேடி விரலை எடுத்தார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ்கட்டிகளை ஒரு குவளையில் நிரப்பி, அதற்குள் விரலைப் புதைத்து, ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விரலைப் பார்த்த மருத்துவர், அது உறைந்து கெட்டுவிட்டது, இனி ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

அந்தக் குவளையில் நடந்தது என்ன? பதில் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

தசையின் கடிகாரம்

துண்டான உறுப்பு அந்த நொடியே இறந்துவிடுவதில்லை. அதிலுள்ள உயிரணுக்களுக்குத் தாங்கள் துண்டிக்கப்பட்டது தெரியாது. அவற்றுக்குத் தெரிவதெல்லாம் இரத்தம் வரவில்லை என்பதுதான். கையிருப்பில் உள்ள உயிர்வளி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் உயிர்வளி இல்லாத சுவாசம் தொடங்கும். குளுக்கோஸ் முழுதாக எரியாமல் லாக்டிக் அமிலமாக நின்றுவிடும். கிடைக்கும் ஏடிபி மிகக் குறைவு. நூறு மீட்டர் ஓட்டத்தில் உங்கள் கால் தசையில் நடப்பதும் இதுதான். ஓடி முடித்தவருக்கு இரத்தம் வந்து அந்த அமிலத்தை அள்ளிக்கொண்டு போகும். துண்டான கையில் அள்ளிப் போக ஆளில்லை.

ஏடிபி தீரத் தீர, உயிரணுச் சவ்வில் இருக்கும் எக்கிகள் நின்றுபோகின்றன. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. அவை நின்றதும் சோடியம் உள்ளே புகும். கூடவே சவ்வூடு பரவலால் நீரும் புகும். உயிரணு வீங்கிச் சிதையும். பொட்டாசியம் வெளியே கசியும். இந்தப் பொட்டாசியத்தை நினைவில் வைத்திருங்கள். பிறகு அது வேறொரு ஆபத்தாகத் திரும்பி வரும்.

எல்லாத் திசுவுக்கும் ஒரே அவசரம் இல்லை. எலும்பும் தசைநாணும் தோலும் பொறுமைசாலிகள். தசைதான் அதிகம் உண்ணும் திசு. முதலில் பட்டினியில் சாவதும் அதுதான். சாதாரண வெப்பநிலையில் இரத்தமில்லாத தசைக்கு ஏறக்குறைய 6 மணி நேரம்தான் கணக்கு.

இப்போது இடக்கையால் உங்கள் வலது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முன்கைக்குள் ஏதோ நெளிவது தெரிகிறதல்லவா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் அவற்றின் நாண்கள் மட்டுமே ஓடுகின்றன, தசை கிடையாது. அதனால்தான் துண்டான விரல் 12 மணி நேரம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். சரியாகக் குளிர்வித்தால் 24 மணி நேரம் கடந்தும் ஒட்டியிருக்கிறார்கள். முழங்கைக்கு மேல் துண்டான கைக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் தசை நிறைய இருக்கிறது.

குளிர் ஏன் உதவுகிறது? வெப்பநிலை 10 பாகை குறைந்தால் உயிரணுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். செலவு குறைந்தால் கையிருப்பு நீடிக்கும். அப்படியென்றால் இன்னும் குளிர்வித்து, உறையவே வைத்துவிட்டால் என்ன? உறைபெட்டியில் வைத்த கோழியை வெளியே எடுத்து வைத்தால், சிறிது நேரத்தில் தட்டில் இளஞ்சிவப்பாக நீர் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறையும்போது உருவான பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்ததால் கசிந்த நீர் அது. சமையலுக்கு அது பரவாயில்லை. இரத்தம் ஓட வேண்டிய விரலுக்கு அதுதான் முடிவு. வீட்டு உறைபெட்டியின் வெப்பநிலை சுமார் −18 பாகை செல்சியஸ். அதிலிருந்து எடுத்த கட்டியும் முதலில் அதே குளிரில்தான் இருக்கும். ஆனால் ஐஸ்கட்டியோடு தண்ணீரும் கலந்திருந்தால், கட்டி முழுதும் உருகும்வரை அந்தக் கலவை 0 பாகையிலேயே நிற்கும். உருகல் மறைவெப்பம் பற்றி இயற்பியலில் படித்தீர்களே, அதுதான் இங்கே காவல்காரன். அந்தக் கலவைக்குள், ஒரு பைக்கும் ஈரத்துணிக்கும் உள்ளே இருக்கும் விரல் குளிரும்; உறையாது.

பூத்தையலில் தொடங்கிய கதை

துண்டான உறுப்பை ஒட்டுவதற்குத் தடையாக இருந்தது எலும்பு அல்ல, தோலும் அல்ல. இரத்தக் குழாய்தான். 1894-இல் பிரான்ஸ் அதிபர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றுக்குள் ஒரு பெரிய இரத்தக் குழாய் அறுந்திருந்தது. அதைத் தைக்க அன்று எந்த மருத்துவருக்கும் வழி தெரியவில்லை, அவர் இறந்துபோனார். அதே நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கேரல் என்ற இளைஞரை இது உறுத்தியது. அவர் லியோன் நகரத்துப் பூத்தையல்காரப் பெண் ஒருவரிடம் மெல்லிய ஊசியும் பட்டுநூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1902-இல் அவர் வெளியிட்ட உத்தி மிக எளியது. வட்டமான குழாயின் விளிம்பில் சம இடைவெளியில் மூன்று தையல் போட்டு, மூன்றையும் மூன்று பக்கம் இழுங்கள். வட்டம் முக்கோணமாகிவிடும். இனி தைக்க வேண்டியது மூன்று நேர்கோடுகளைத்தான். எதிர்ப்பக்கச் சுவரைத் தவறிச் சேர்த்துத் தைத்துவிடும் பயமும் குறைவு. 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மென்மையான குடிநீர்க் குழாய்த் துண்டை எடுத்து வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனாலும் துண்டான கையை ஒட்ட இன்னும் 50 ஆண்டுகள் பிடித்தன. 1962 மே மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் அருகே, சரக்கு ரயிலில் தொற்றிய 12 வயதுச் சிறுவனின் வலக்கை தோளுக்குக் கீழே பிய்ந்துபோனது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரானல்ட் மால்ட் தலைமையிலான குழு இரத்தக் குழாய்களை இணைத்து, எலும்பைப் பொருத்தி, கையை மீண்டும் ஒட்டியது. நரம்புகளைச் சில மாதங்கள் கழித்துத்தான் இணைத்தார்கள். அடுத்த ஆண்டு சனவரியில் ஷாங்காய் ஆறாவது மக்கள் மருத்துவமனையில், இயந்திரத்தில் சிக்கித் துண்டான ஒரு தொழிலாளியின் கையைச் சென் சொங்வெய் குழுவினர் ஒட்டினார்கள்.

இவை இரண்டும் பெரிய குழாய்கள். விரலில் ஓடும் தமனியின் விட்டம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். வெறுங்கண்ணால் அதைத் தைக்க முடியாது. காது அறுவைக்காக இருந்த நுண்ணோக்கியை 1960-இல் ஜூலியஸ் ஜேக்கப்சன் இரத்தக் குழாய் பக்கம் திருப்பினார். அந்த வழியில் 1965-இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் என்ற இருவர் முழுதாகத் துண்டான ஒரு கட்டைவிரலை நுண்ணோக்கியின் கீழ் ஒட்டி வெற்றி கண்டார்கள். இதற்கென்றே செய்யப்படும் நூலின் தடிமன் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர். உங்கள் தலைமுடி இதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2000 மே மாதம் செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, கை வளர்ச்சிக் குறையோடு பிறந்த ஒரு மாதக் குழந்தைக்கு, அதன் இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தியது. பிழைக்க வாய்ப்பில்லாத நிலையில் பிறந்த குழந்தை அந்தச் சகோதரி. இருவரும் ஒருகரு இரட்டையர் என்பதால் உடல் அந்தக் கையை அந்நியமாகப் பார்க்கவில்லை. விபத்தில் துண்டான உங்கள் விரலை உங்களுக்கே ஒட்டும்போதும் நிலைமை அதுதான். உடல் ஏற்குமா என்ற கேள்வியே எழாது. இரத்தம் ஓடுமா என்பது மட்டுமே கேள்வி.

எல்லாமே 'நரம்பு' அல்ல

நம் வீட்டுப் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம். கையில் புடைத்துத் தெரியும் நீலக் குழாயையும் நரம்பு என்கிறோம். கணுக்காலுக்குப் பின்னால் இழுக்கும் நாணையும் நரம்பு என்றே சொல்கிறோம். முதலாவதும் இரண்டாவதும் சிரைகள், மூன்றாவது தசைநாண். உண்மையான நரம்பு, செய்திகளைக் கடத்தும் வெள்ளைக் கம்பி. அறுவை அறையில் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிப் பிடித்து, அதனதன் மறுபாதியோடு இணைக்க வேண்டும். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆவது இதனால்தான்.

பொதுவாக முதலில் எலும்பைச் சற்றுக் குட்டையாக்கி, கம்பியால் பொருத்துவார்கள். குட்டையாக்குவது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். நைந்துபோன குழாய் முனைகளை வெட்டி எறிந்த பிறகு மீதி எட்ட வேண்டுமே! இழுத்துத் தைத்த குழாய் ஒழுங்காக வேலை செய்யாது. எலும்பு அசையாமல் நின்ற பிறகு நாண்கள், பிறகு தமனி, நரம்பு, சிரை. பெரிய உறுப்பு என்றால் வரிசை மாறும். தசையின் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதால், எலும்பைத் தொடுவதற்கு முன்பே ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயைத் தமனியின் இரு முனைகளுக்கும் நடுவே செருகி, இரத்தத்தைத் தற்காலிகமாக ஓடவிடுவார்கள். பிறகு நிதானமாக மற்ற வேலை.

குழாயைத் தைப்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? குழாயில் பாயும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தையல் சுருக்கி ஆரம் பாதியானால், இரத்தம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகும். குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் இன்னும் மோசம். அந்தக் கிழிசலில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு உறைகட்டி உருவாகும். ஆகவே நல்ல உட்சுவர் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போவார்கள். இடைவெளி அதிகமானால் முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு துண்டுச் சிரையை எடுத்து நடுவில் வைப்பார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும்; சிரைக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள். கீழ்ப் படிவங்களில் மனப்பாடம் செய்த அந்த வால்வைத் திருப்ப மறந்தால் விரல் போய்விடும்.

அறுவை முடிந்ததும் தாதியர் மணிக்கொரு தடவை விரலின் நிறத்தைப் பார்ப்பார்கள். உங்கள் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கும். ஒட்டிய விரல் வெளுத்தே கிடந்தால் தமனி அடைத்திருக்கலாம். நீலம் பாய்ந்து வீங்கினால் இரத்தம் உள்ளே வருகிறது, வெளியேற வழியில்லை, சிரை அடைத்திருக்கிறது. சிரையின் சுவர் மெல்லியது, தைப்பதற்குக் கடினம் என்பதால் இது அடிக்கடி நேரும். அப்போது சில மருத்துவமனைகளில் அட்டைகளை விரலில் விடுவார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு அட்டையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிவதையும் அறிவார்கள். அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் என்ற புரதம் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. விரலுக்குள் புதிய சிரைகள் முளைக்கும்வரை சில நாள்களுக்கு அட்டையே சிரை. இதற்கென்று தூய்மையாக வளர்க்கப்படும் அட்டைகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் மருத்துவக் கருவியாகவே அங்கீகரித்தது. இரப்பர்த் தோட்டத்து அட்டையைப் பிடித்து யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

நசுங்கிய கால்

துண்டாவது மட்டும் உறுப்பிழப்பு அல்ல. நம் சாலைகளில் அதிகம் நடப்பது வேறு. மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிழைத்தவர்களில் பலருக்கு அடிபடுவது காலில். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு. நடுவில் தசை இல்லை. அந்த எலும்பு முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது எளிது. தோலும் உரிந்து போய்விட்டால் எலும்பு திறந்து கிடக்கும்.

வேறிடத்துத் தோலை எடுத்து அதன்மேல் ஒட்டினால் போதாதா? போதாது. மெல்லிய தோலுக்குத் தனி இரத்தக் குழாய் இல்லை. அது வைத்த இடத்திலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்கும். காய்ந்த எலும்பு அதற்கு ஒன்றும் தராது. ஆகவே தன் சொந்தத் தமனியும் சிரையும் உள்ள திசுத்துண்டை உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்து, காலில் உள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கிறார்கள். இதைத் திசுமடல் எனலாம். 1973-இல் மெல்பர்னில் டேனியல், டெய்லர் என்ற இருவர் தொடையிடுக்குத் தோலைக் கீழ்க்காலுக்கு இப்படி மாற்றிய அறுவை பெரும் திருப்பம். விரலை ஒட்டக் கற்ற கை, இப்போது உடலின் எந்தப் பகுதியையும் வேறெந்தப் பகுதிக்கும் கொண்டுபோகக் கற்றுவிட்டது.

எப்போது மூடுவது என்பதில்தான் பெரிய சர்ச்சை இருந்தது. காயம் ஆறட்டும், அழுக்கு வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது பழைய வழக்கம். அன்றைய யூகோஸ்லாவியாவின் லுப்லியானா நகரில் மார்கோ கோடினா என்ற அறுவை மருத்துவர் வேறு மாதிரி நினைத்தார். இறந்த திசுவை ஈவிரக்கமின்றி வெட்டி எறிந்துவிட்டு, 72 மணி நேரத்துக்குள் மடலால் மூடிவிட வேண்டும் என்றார். 532 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1986-இல் வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் மடல் தோற்றது 0.75 விழுக்காடு, கிருமித் தொற்று 1.5 விழுக்காடு. அதன் பிறகு மூன்று மாதங்களுக்குள் மூடியவர்களில் தோல்வி 12 விழுக்காடு, தொற்று 17.5 விழுக்காடு. அதே ஆண்டில் அவர் சாலை விபத்தில் இறந்தார். வயது 43-ஐத் தாண்டவில்லை. இன்றைய மருத்துவர்கள் அந்த 72 மணி நேரத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால் நன்றாகச் சுத்தம் செய், சீக்கிரம் மூடு என்ற கருத்து நிலைத்துவிட்டது.

காப்பாற்றுவதா, எடுப்பதா?

இங்கேதான் எனக்கே சங்கடமான பகுதி வருகிறது. காப்பாற்ற முடியும் என்பதாலேயே காப்பாற்ற வேண்டுமா?

முதலில், முன்னே சொன்ன பொட்டாசியம். பல மணி நேரம் இரத்தமின்றிக் கிடந்த காலுக்குத் திடீரென்று இரத்தத்தைத் திறந்துவிட்டால், சிதைந்த தசையில் தேங்கிய பொட்டாசியமும் அமிலமும் இதயத்துக்கு வந்து சேரும். இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். தசையின் சிவப்புப் புரதமான மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். பிழைத்த தசையும் வீங்கும். அதைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காததால், உள்ளே அழுத்தம் ஏறி மீண்டும் இரத்தத்தை நெரிக்கும். அந்த உறையை நீளவாக்கில் கீறிவிட வேண்டியிருக்கும். எனவே நேரம் கடந்த காலைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்கலாம். உயிர்தான் முதலில்.

அடுத்தது, காப்பாற்றிய கால் உதவுமா என்பது. அமெரிக்காவில் எட்டு மருத்துவமனைகளில் 569 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. காலை மீட்டவர்களும், காலை எடுத்துச் செயற்கைக் கால் பொருத்தியவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அன்றாட இயக்கத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மீட்டவர்கள் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இதைப் படித்து, அப்படியானால் எடுத்துவிடலாமே என்று முடிவுகட்டுவது சரியல்ல என்பது என் எண்ணம். நல்ல செயற்கைக் கால் விலை உயர்ந்தது. சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டும். ஒருவருடைய வேலை, வீடு, கைப்பணம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

கோயம்புத்தூரில் உள்ள கங்கா மருத்துவமனை இதற்கு ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. அங்கே எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் ஒட்டறுவை மருத்துவர் எஸ். ராஜ சபாபதியும் அண்ணன் தம்பிகள். எலும்பைப் பார்ப்பவரும் தோலைப் பார்ப்பவரும் முதல் மணி நேரத்திலேயே ஒன்றாக நிற்பது அந்த இடத்தின் வழக்கம். தோல் சேதத்துக்கு 1 முதல் 5 வரை, எலும்புக்கு 1 முதல் 5 வரை, தசை, நாண், நரம்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். நோயாளியின் வயது, நீரிழிவு, காயத்தில் சாக்கடை அல்லது வயல் அழுக்கு போன்ற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2. மொத்தம் 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலை மீட்க முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் 15, 16 வந்தால்? அங்கே அனுபவமுள்ள மருத்துவரும் நோயாளியின் குடும்பமும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இரத்த ஓட்டம் கெடாத கீழ்க்கால் முறிவுகளுக்காக 2006-இல் வெளியிடப்பட்ட முறை இது. எண்ணால் தீர்க்க முடியாத இடம் ஒன்று உண்டு என்று எண்ணாலேயே ஒப்புக்கொள்கிறது என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

இரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது, விரல் சிவந்துவிட்டது என்றால் வேலை முடிந்ததா? இல்லை. நரம்பை இணைத்தாலும் அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள நரம்பிழை இறந்துவிடும். அதன் உறை மட்டும் வெற்றுக் குழாயாக நிற்கும். மேலிருந்து புதிய இழை அந்தக் குழாய்க்குள் மெல்ல வளர்ந்து வர வேண்டும். அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை உங்கள் கையை அளந்து பாருங்கள். 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாள், அரை ஆண்டு. மேற்கையில் அறுந்து, அங்கிருந்து உள்ளங்கைத் தசைவரை 55 சென்டிமீட்டர் என்றால் 550 நாள். நரம்பில்லாமல் தசை ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுதான் காத்திருக்கும். பிறகு சுருங்கி நாராகிவிடும். தோளருகே துண்டான கையை ஒட்டியும் பெரியவர்களுக்கு விரல்களின் நுண்ணசைவு திரும்பாமல் போவது இந்தக் கணக்கால்தான். சிறுவர்களுக்குத் தூரம் குறைவு, வளர்ச்சியும் நன்றாக இருக்கும். இந்த மாதங்கள் முழுதும் உடற்பயிற்சிச் சிகிச்சை, கூச்சம், வலி. புகைப்பவர் என்றால் புகையை விட்டே ஆக வேண்டும். நிகோடின் அந்த ஒரு மில்லிமீட்டர் குழாயை இறுக்கும்.

அந்த மாணவியின் சித்தப்பாவுக்கு இந்த வாய்ப்பு எதுவும் வரவில்லை. கையின் வேலையில் ஏறக்குறைய 40 விழுக்காடு கட்டைவிரலுடையது என்று கை மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். கால்விரலை எடுத்துக் கட்டைவிரலாக வைக்கும் அறுவையும் உண்டு. 1968-இல் இங்கிலாந்தில் ஜான் கோபெட் காலின் பெருவிரலை அப்படிப் பொருத்தினார். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அதே தொழிற்சாலையில் பொருள் கிடங்கில் வேலை செய்கிறார்.

"வகுப்பில் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், டீச்சர். சித்தப்பா கேட்கிறார்" என்று மறுவாரம் அவள் வந்தாள். மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். கூட வேலை செய்யும் நேப்பாளத் தோழர் ஒருவர் தம் மொழியில் எழுதிச் சேர்த்தாராம். முதலுதவிப் பெட்டிக்கு மேலே அதை ஒட்டியிருக்கிறார்கள். அதில் உள்ளது இவ்வளவுதான்:

காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடி. கையை இதயத்துக்கு மேலே உயர்த்து. 999-ஐ அழை. அழுத்தியும் இரத்தம் பீறிட்டு நிற்கவில்லை என்றால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வை. துண்டான பகுதி எவ்வளவு சிதைந்திருந்தாலும், எத்தனை துண்டானாலும் எல்லாவற்றையும் எடு. பயன்படுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். தேய்த்துக் கழுவாதே, மருந்து போடாதே. உப்புநீரில், கிடைக்காவிட்டால் சுத்தமான குடிநீரில், நனைத்துப் பிழிந்த துணியில் சுற்று. பிளாஸ்டிக் பையில் போட்டு நீர் புகாமல் கட்டு. அந்தப் பையை, பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் உள்ள வேறொரு பாத்திரத்தில் வை. ஐஸ் விரலைத் தொடக் கூடாது. தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்து எடுக்காதே. அப்படியே அசையாமல் கட்டு. அடிபட்டவருக்குச் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதே. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். விபத்து நடந்த நேரத்தையும் அவர் பெயரையும் பையின்மேல் எழுது. எல்லா மருத்துவமனையிலும் விரலை ஒட்ட மாட்டார்கள். எங்கே கொண்டுபோக வேண்டும் என்று ஆம்புலன்சில் வருபவரிடம் கேள்.